பேசுவதற்குப் பன்னிரண்டாயிரம் ரூபாயா?

கேள்வி: எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறேன், ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் விடியும் வரை ஏதேதோ எண்ணங்கள். வேலையில் கவனம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டாலும் எரிந்து விழுகிறேன். மனநலம் பற்றி நான்கு புத்தகங்கள் படித்தேன். தினமும் இரவு யூடியூபில் வீடியோ பார்க்கிறேன், மூச்சுப் பயிற்சி செய்கிறேன், மூன்று ஆப்களும் இறக்கிப் பார்த்தேன். செய்யும்போது நன்றாக இருக்கிறது, சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. தூக்கத்துக்காக வாரத்தில் மூன்று நாள் கொஞ்சம் குடிக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். மனைவி கவுன்சலிங் போகச் சொல்கிறாள். கோவையில் ஒருவரிடம் விசாரித்தபோது ஒரு முறைக்கு 1,500 ரூபாய், எட்டு முறையாவது வர வேண்டும் என்றார். வெறுமனே பேசுவதற்கு 12,000 ரூபாயா? அதே விஷயங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றனவே? மனம் விட்டுப் பேச நண்பர்களும் இருக்கிறார்கள். அப்பா இறந்த இரவு ஜிஎஸ்டி தாக்கல் வேலையில் இருந்ததால் அம்மா மூன்று முறை அழைத்தும் நான் போனை எடுக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன்.

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகத்தான் வேண்டும். கோவையில் விசாரித்தவரிடமே போக வேண்டும் என்பதில்லை, 12,000 ரூபாய் செலவு செய்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் செலவழிக்காமல் போகவும் வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இன்னொரு புத்தகம் வாங்குவதற்கு முன்னால், பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே நீங்கள் உட்கார வேண்டும்.

உங்கள் சந்தேகத்தைத் தவறு என்று நான் சொல்லவில்லை. பேசினால் நோய் தீருமா என்ற கேள்வியை என் துறைக்குள் இருந்தவர்களே கேட்டிருக்கிறார்கள். 1952இல் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர், உளச்சிகிச்சை பெறுகிறவர்கள் அதைப் பெறாமல் தானாகக் குணமாகிறவர்களைவிட அதிகமாகத் தேறுவதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார். பெரிய சண்டை மூண்டது. அந்தச் சண்டையால்தான் ஒழுங்கான ஆய்வுகள் வந்தன. 1977இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். பின்னால் வந்த கண்டிப்பான கணக்குகள் இந்தப் பலனைக் கொஞ்சம் குறைத்துக் காட்டின, ஆனால் பலனே இல்லை என்று சொல்லவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். புத்தகத்தில் இருப்பதைத்தான் கவுன்சலிங்கிலும் சொல்வார்கள் என்கிறீர்கள். பெரும்பாலும் உண்மை. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை முறையில், மனதில் ஓடும் எண்ணத்தை ஒரு தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று பக்கத்தில் எழுதிப் பார்ப்பார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு வீட்டில் செய்யலாம். செய்து தேறியவர்களும் இருக்கிறார்கள். தேர்வு நேரத்தில் தூக்கம் கெட்டு என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு நான் இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் கொடுத்து, மூன்று வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று போனில் சொன்னால் போதும் என்று அனுப்பினேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 2010இல் வெளியான ஒரு தொகுப்பில், மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் கலந்துகொண்ட 21 ஆய்வுகளை எடுத்து, ஆளை நேரில் பார்த்துச் செய்யும் சிகிச்சையையும் வழிகாட்டுதலோடு செய்யும் சுய உதவியையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதில் ‘வழிகாட்டுதலோடு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அவர்களிடமும் உங்களிடம் இருப்பது போன்ற புத்தகமோ கணினிப் பாடமோதான் இருந்தது. ஆனால் இந்த வாரம் எந்தப் பக்கம் செய்தீர்கள், எங்கே நின்றுபோனீர்கள் என்று கேட்க ஒரு மனிதர் இருந்தார். அந்த மனிதர் இல்லாமல் தனியாகச் செய்யும் சுய உதவியில் பலன் குறைகிறது. ஆப் விஷயத்தில் இது அப்பட்டமாகவே தெரிகிறது. மனநல ஆப்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று 2019இல் பார்த்தார்கள். இறக்கியவர்களில் 15 நாள் கழித்தும் திறந்து பார்ப்பவர்கள், நடுத்தரமான ஒரு ஆப்பில், 100க்கு 4 பேர்கூட இல்லை. எனவே மூன்று ஆப்களைப் பாதியில் விட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். ஏறக்குறைய எல்லோருமே விடுகிறார்கள்.

எதிரே ஒருவர் இருந்தால் என்ன மாறும்? பல வருடங்களுக்கு முன் நான் திருச்சியில் இருந்தபோது வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கரூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்கு வந்து போகிறவர். ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற பயம் வந்தது. இதய மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். இவர் படித்தவர், விவரமானவர். பதற்றத் தாக்குதல் என்றால் என்ன என்று தேடிப் படித்து, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு, தினமும் பஸ்ஸில் அதைச் செய்துகொண்டே வந்தார். இரண்டு வருடம் ஆகியும் பயம் குறையவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, அவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்று அரை மணி நேரம் சொன்னார். எல்லாமே சரியாகத்தான் சொன்னார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: “பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காருவீங்க?”

கதவுக்குப் பக்கத்து சீட்டில். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். மடியில் தண்ணீர் பாட்டில், கையில் கணவரின் எண் தயாராக இருக்கும் போன். மூச்சுப் பயிற்சியும் அந்தத் தண்ணீர் பாட்டில் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இவையெல்லாம் இருப்பதால்தான் நான் உயிரோடு போய்ச் சேர்கிறேன் என்று அவருடைய உடம்பு நம்பியது. பாட்டில் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு வாய்ப்பே கிடைக்கவில்லை. முதலில் பாட்டிலைப் பைக்குள் வைத்தோம். அடுத்த வாரம் நடு சீட். பிறகு போனை அணைத்து வைத்துவிட்டு இரண்டு நிறுத்தம். படபடப்பு வந்தால் மூச்சுப் பயிற்சி எதுவும் செய்யாமல், அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆறேழு வாரத்தில் கரூர் முதல் திருச்சி வரை கடைசி சீட்டில் வந்து இறங்கினார். இந்த முறைகள் எல்லாம் அவர் படித்த புத்தகங்களிலேயே இருந்தன. தன் கையில் இருந்த பாட்டில் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். கணக்கு எழுதியவரே அதைத் தணிக்கை செய்வதில்லை, ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தூக்கம், வேலை, பிள்ளைகள், புத்தகம், பணம் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, கடைசி இரண்டு வரியில் அப்பாவைக் கொண்டுவருகிறீர்கள். ஒன்றரை வருடமாகத் தூக்கம் இல்லை என்கிறீர்கள். அப்பா இறந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று எழுதவே இல்லை. அம்மா மூன்று முறை அழைத்தார் என்பதை எண்ணி வைத்திருக்கிறீர்கள், ஆனால் சம்பந்தம் இல்லை என்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க நான் துணிய மாட்டேன். அதிகாலை விழிப்பு மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். இழப்பின் துயரம் ஆறாமல் நீண்டுபோய் வாழ்க்கையை முடக்குவதை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இருப்பது இதுவா, அதுவா, இரண்டுமா என்று நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று தெரிகிறது. நான்கு புத்தகம் படித்த நீங்கள், அந்த இரவைப் பற்றிய பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. புத்தகம் உங்களைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாது. வலிக்கிற பக்கம் வந்தால் மூடி வைத்துவிடலாம். தனியாகச் செய்யும் சுய உதவி உங்களிடம் தோற்றுப்போகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நண்பர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். டீக்கடையில் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்பவன் செய்கிற நல்லதை எந்த ஆலோசகராலும் செய்ய முடியாது. ஆனால் அவனிடம் அந்த போன் விஷயத்தைச் சொன்னால் என்ன சொல்வான்? “விடு மாப்ள, நீ என்ன வேணும்னா பண்ணுன?” என்பான். அன்பில் சொல்வது அது. நீங்கள் கலங்குவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் பேச்சை முடித்துவைப்பான். நீங்களும் அவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சிரித்துவிட்டு வருவீர்கள்.

பயிற்சி பெற்றவர் அங்கே முடிக்க மாட்டார். முதல் அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, போன் எங்கே இருந்தது, திரையில் அம்மா பெயரைப் பார்த்தீர்களா, பார்த்தபோது என்ன நினைத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்பார். அழுகை வந்தால் வரட்டும் என்று பொறுமையாக இருப்பார். இரண்டு மூன்று முறை சந்தித்து நம்பிக்கை வந்த பிறகுதான் இவ்வளவு தூரம் போவார், எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, அந்த மரணத்துக்கு எதெதெல்லாம் காரணம் என்று பங்கு பிரிக்கச் சொல்லலாம். அப்பாவின் உடல்நிலை, எத்தனை வருடத்து நோய், ஆஸ்பத்திரி இருந்த தூரம், ஆம்புலன்ஸ் வந்த நேரம். எல்லாவற்றுக்கும் பங்கு கொடுத்த பிறகு, கடைசியில் அந்தத் தவறவிட்ட அழைப்புக்கு எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்ப்பீர்கள். சிறிய துண்டாக இருக்கலாம். ஆனால் ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அந்தச் சின்னத் துண்டு வருத்தம் உங்களுடையது. அதை அப்பாவுக்கு ஒரு கடிதமாக எழுதலாம், அம்மாவிடம் போய்ச் சொல்லலாம், என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து யோசிப்பீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அங்கே, மீதி ஆறு நாளும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் ‘வெறுமனே பேசுவது’ என்று எழுதியிருந்தது இதைத்தான்.

எட்டு முறை என்று அவர் சொன்னது வியாபாரத்துக்காகச் சொன்ன எண் அல்ல என்றே நினைக்கிறேன். 1986இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், எட்டாவது சந்திப்புக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருந்தார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது, அதிலும் ஆறு முதல் எட்டு சந்திப்புகள்தான். அங்கே பேசியவர்கள் உளவியல் பட்டம் பெற்றவர்கள்கூட இல்லை, சாதாரண மக்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வோடு வந்தவர்களில், இந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் பேசியவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தேறினார்கள். வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவீதம். இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. நம் ஊர் போன்ற ஊரில், நம்மைப் போன்றவர்கள், முறையாகப் பேசியே இதைச் சாதித்திருக்கிறார்கள்.

பணம் பெரிய கேள்விதான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 12,000 என்பது ஒரு ஸ்கூல் ஃபீஸ். அதனால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் ஓபி சீட்டு வாங்கி, மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள். கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், பேச அதிக நேரம் கிடைக்காமல் போகலாம், ஆனால் அங்கே முதலில் ஒரு தெளிவு கிடைக்கும். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை இவற்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், இவையும் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும். மாத்திரை தேவை என்றால் அவர் சொல்வார், அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்ற மத்திய அரசின் இலவசச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தனியாரிடம் போவதென்றால் ஆளைப் பார்த்துப் போங்கள். நம் நாட்டில் சில வாரப் பயிற்சி முடித்தவர்கூட ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நல்லவர்கள் தாங்களாகவே காட்டுவார்கள். எந்த முறையில் சிகிச்சை செய்வீர்கள், எனக்குக் குணம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்போம் என்றும் கேளுங்கள். எட்டு முறைக்கும் சேர்த்து முன்பணம் கட்டச் சொன்னால் வேண்டாம். நான்கு முறை போன பிறகும் இவரிடம் பேச முடியவில்லை, எதுவுமே நகரவில்லை என்று தோன்றினால் அதை அவரிடமே சொல்லுங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள். சிகிச்சைக்குப் போய் நிலைமை மோசமாவதும் உண்டு. 100 பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அப்படி ஆவதாக ஆய்வுகள் சொல்கின்றன. என் துறையில் இருப்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சந்தித்து, இடையில் உங்கள் புத்தகத்தையே வைத்துப் பயிற்சி செய்யலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். மாதச் செலவு பாதியாகும், மேலே சொன்ன வழிகாட்டுதலும் கிடைக்கும்.

அதுவரை வீட்டில் செய்ய மூன்று காரியம். முதலில் குடி. தூக்கத்துக்காகக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடி சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் ராத்திரியின் பின்பாதித் தூக்கத்தைக் கலைக்கும். உங்கள் மூன்று மணி விழிப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம், நிறுத்திப் பாருங்கள். (இதைப் படிக்கும் வேறு யாராவது தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். உடலுக்கு ஆபத்து.) அடுத்தது, படுக்கையில் வீடியோ வேண்டாம், மனநல வீடியோவும் வேண்டாம். மூன்று மணிக்கு விழித்தால் புரண்டு படுக்காமல் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், தூக்கம் வந்தால் மட்டும் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். மூன்றாவது, அப்பா இருந்தபோது வழக்கமாகச் செய்து, பிறகு நின்றுபோன ஒரு காரியத்தைத் திரும்ப ஆரம்பியுங்கள். காலை நடையோ, சந்தைக்குப் போவதோ, எதுவாகவும் இருக்கலாம். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், நாளும் நேரமும் குறித்து வைத்துச் செய்யுங்கள்.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றே மனைவியிடம் சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் அங்கே போய் உட்கார்ந்ததும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவிப்பீர்கள், பலரும் அப்படித்தான். தூக்கத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடவும் கூடும். எனக்கு எழுதிய கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போங்கள், கடைசி இரண்டு வரியை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.